அம்மா செய்த பொருத்தனைக்காக நர்ஸ் வேலையை விடவேண்டுமா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. அரசு மருத்துவமனை ஒன்றில், பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் 13 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். கணவர் தனியார் பள்ளியில் ஆசிரியர். இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கடன் முடிய இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. சபையில் பாடகர் குழுவில் பாடுகிறார். இவர் பிறந்த மூன்றாம் நாள் ஜன்னி கண்டு, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் கைவிரித்தபோது, "பிள்ளையைப் பிழைக்கவைத்தால் உமது ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று அம்மா பொருத்தனை செய்திருக்கிறார். அந்த அம்மா போன வருடம் இறந்துபோனார். கடைசி நாட்களில், ஆண்டவருக்குக் கொடுத்த வார்த்தையை நிறைவேற்றாமலே போகிறேனே என்று அழுதாராம்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார், "இங்கே ஒரு சகோதரி அழைப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார், தாலந்தைப் புதைத்துவைத்திருக்கிறார்" என்று சொன்னார். எஜமான் நம்பி ஒப்படைத்த தாலந்தைப் பயன்படுத்தாமல் நிலத்தில் புதைத்துவைத்த வேலைக்காரனைப் பற்றி இயேசு சொன்ன உவமை அது. பிரசங்கியார் சொன்னது தனக்குத்தான் என்று இவருக்குப் பட்டது. அடுத்த மாதம் மகனுக்கு டெங்கு வந்தது. பிறகு கணவர் பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்தது. கீழ்ப்படியாததால்தான் ஆண்டவர் அடிக்கிறார் என்று நினைக்கிறார். அந்தப் பிரசங்கியாரின் ஊழியத்தைச் சேர்ந்தவர்கள், வேலையை ராஜினாமா செய்துவிட்டுத் தங்களோடு பாடல் ஊழியத்துக்கு வரும்படி அழைக்கிறார்கள். வரும் செட்டில்மென்ட் பணத்தில் ஒரு பங்கை 'விதையாக' விதைக்கவும், அதாவது அவர்கள் ஊழியத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கவும் சொல்கிறார்கள். கணவருக்குச் சம்மதமில்லை. இவருக்குத் தூக்கமில்லை. வாரத்தில் மூன்று நாள் உபவாசம். "ராஜினாமா செய்யட்டுமா? செய்யாவிட்டால் நான் தாலந்தைப் புதைத்தவள்தானே?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை அம்மாவின் கண்ணீர்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை, 'பயமாக இருக்கிறது' என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. மூன்றாம் முறைதான், ஐந்தாம் பக்கத்தில் ஏதோ போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இன்றோ இந்த மாதமோ ராஜினாமா கடிதம் கொடுக்கவேண்டாம். உங்களுக்கு ஊழிய அழைப்பு இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அது என் கையில் இல்லை. தூக்கமில்லாமல், துக்கம் ஆறாமல், பயத்தோடு எடுக்கிற முடிவு எந்த முடிவானாலும் அதைத் தள்ளிப்போடச் சொல்வது என் வேலை. ஆண்டவர் அழைத்திருந்தால் ஆறு மாதம் கழித்தும் அந்த அழைப்பு அங்கேயே இருக்கும்.

அம்மாவின் பொருத்தனை

உங்கள் அம்மா அந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று செய்த ஜெபத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வேதத்தில் பிள்ளையில்லாத அன்னாளும், மகன் பிறந்தால் உமக்கே கொடுக்கிறேன் என்று அப்படித்தான் பொருத்தனை செய்தாள். பிறந்த மகன்தான் சாமுவேல். ஆனால் அன்னாளின் கதையை நாம் முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். தாயின் பொருத்தனை சாமுவேலை சீலோவில் இருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய் விட்டது, உண்மைதான். ஆனால் மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் சாமுவேலைத்தான் பேர்சொல்லிக் கூப்பிடுகிறார். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொன்னதும் அந்தப் பிள்ளைதான், தாய் அல்ல.

இன்னொரு பகுதியை அதிகம் பேர் பிரசங்கிப்பதில்லை. லேவியராகமம் 27. ஒரு மனிதரைக் கர்த்தருக்கென்று பொருத்தனை செய்தால் என்ன செய்வது என்று அங்கே தெளிவாக இருக்கிறது. அவருக்கு ஒரு மதிப்புப் போட்டு, அந்தத் தொகையைச் செலுத்தவேண்டும். 20 முதல் 60 வயதுவரை ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30. ஒரு மாதம் முதல் ஐந்து வயதுவரையான பெண்பிள்ளைக்கு 3 வெள்ளிச்சேக்கல். அதுவும் கொடுக்க முடியாத ஏழையென்றால், அவரால் முடிந்ததற்கு ஏற்றபடி ஆசாரியனே மதிப்பைக் குறைத்துப் போடவேண்டும். ஆட்களைப் பெண்ணுக்கு இவ்வளவு, ஆணுக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டது அந்தக் காலத்து வழக்கம். அதை இன்று அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் இருக்கிற மனதைப் பாருங்கள். இக்கட்டில் ஒரு தாய் சொன்ன வார்த்தையை வைத்துக்கொண்டு அவளையும் அவள் பிள்ளையையும் காலமெல்லாம் நெருக்குகிற கடவுள் அங்கே இல்லை.

அம்மா பட்ட கடனை நீங்கள் சுமக்கிறதாக நினைக்கிறீர்கள். எனக்கு அது பெரும்பாலும் துக்கமாகத்தான் தெரிகிறது. அம்மா அழுதபடி போனார், அந்தக் கண்ணீரைத் துடைக்க இனி வழியில்லை என்ற வலி. அந்த வலி நிஜம். ஆனால் ராஜினாமா அதற்கு மருந்தாகாது. அம்மாவின் நினைவு நாளில் உங்கள் ஆயரிடம் சொல்லி, அவர்கள் செய்த பொருத்தனையை ஆலயத்தில் வாய்விட்டுச் சொல்லி ஜெபியுங்கள். ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை படையுங்கள். அழவேண்டுமென்றால் அங்கே அழுங்கள்.

மேடையில் சொன்ன வார்த்தை, வீட்டில் வந்த நோய்

தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று பவுல் எழுதினார். அடுத்த வரியிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றும் எழுதினார். சோதித்துப்பார்ப்பது அவிசுவாசம் அல்ல, கட்டளை. ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிற பந்தலில் 'அழைப்பைத் தள்ளிக்கொண்டிருக்கிற ஒரு சகோதரி' என்றால், எத்தனையோ சகோதரிகள் தலைகுனிந்திருப்பார்கள். அந்தப் பிரசங்கியார் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அவருக்கு உங்களைத் தெரியாது. உங்களைப் பதினைந்து வருடமாகத் தெரிந்த ஆயர், சபையில் ஒரு மூத்த அம்மா, உங்கள் கணவர், இவர்களில் ஒருவருக்காவது அதே எண்ணம் வந்திருக்கிறதா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

மகனுக்கு டெங்கு வந்தது ஏடிஸ் கொசுவால். இதை ஒரு நர்ஸுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குள் இருக்கிற அம்மாவுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். உங்கள் வார்டில் இன்குபேட்டரில் கிடக்கிற குழந்தையின் தாய் வந்து, "என் பாவத்தால்தான் பிள்ளைக்கு இப்படி ஆச்சா சிஸ்டர்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்தப் பதிலை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் பக்கத்தில் இருந்தது

இப்போது அதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: "வேலையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எடை குறைந்த குழந்தைகளுக்கு வெயின் கிடைக்காவிட்டால் மற்ற ஷிஃப்டில் இருந்துகூட என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் அது வெறும் வேலைதானே, ஊழியம் இல்லையே."

சகோதரி, இதை எழுதிவிட்டு எப்படி உடனே பாடல் ஊழியத்தைப் பற்றி எழுதப் போனீர்கள்! ஒரு கிலோ இருநூறு கிராம் எடையுள்ள குழந்தை. தலைமுடி பருமனில் நரம்பு. மருந்து ஏற்றுகிற அந்த வயலட் கலர் மெல்லிய குழாயை, கேனுலாவை, வைத்துக்கொண்டு இரண்டு பேர் முயன்று, இனிமேல் குத்த இடமில்லை என்ற நிலையில் உங்களைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் வந்து, ஒரு நிமிடம் கையைச் சூடாக்கிக்கொண்டு, ஒரே முறையில் போட்டுவிடுகிறீர்கள். அந்தக் கை ஒரு நாளில் வந்ததா? 13 வருடம் ஆண்டவர் உங்களுக்குள் எதை வளர்த்தார் என்று நினைக்கிறீர்கள்?

நம் சபைகளில் 'தாலந்து' என்றாலே பாட்டு, கீபோர்டு, மேடைப்பேச்சு என்று ஆகிவிட்டது. தாலந்து பரீட்சை என்று பிள்ளைகளுக்கு வைப்பதும் பெரும்பாலும் இவற்றில்தான். மேடையில் தெரிகிறது மட்டும்தான் வரம் என்று சின்ன வயதிலேயே படிந்துவிடுகிறது. இயேசு சொன்ன உவமையில் தாலந்து என்பது பணம். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் அன்றைய கூலிக்காரரின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் ஒரே தாலந்து பெற்றவன்கூட இருபது வருடக் கூலியைக் கையில் வாங்கினான். எஜமான் அதை "அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக" கொடுத்தான் என்று மத்தேயு எழுதுகிறார். திறமை ஏற்கெனவே இருந்தது. அதை நம்பி ஒப்படைக்கப்பட்டதுதான் தாலந்து. உங்கள் திறமையை நம்பி உங்கள் கையில் ஒப்படைக்கப்படுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஹேண்ட்ஓவரில் உங்களிடம் ஒப்படைக்கிறார்களே, அந்தப் பிள்ளைகள்தான்.

அந்த உவமையில் புதைத்தவன் ஏன் புதைத்தான்? சோம்பல் என்று எஜமான் சொல்கிறான். ஆனால் அவனே சொல்கிற காரணம் வேறு. நீர் கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன், ஆகையால் "நான் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்துவைத்தேன்" என்கிறான். எஜமானைக் கொடியவன் என்று நம்பினான். அந்தப் பயம்தான் குழி தோண்டியது. உங்கள் கடிதத்தில் பதினொரு முறை வருகிற பயமும் இதே சாயலில் இருப்பதால்தான் எனக்குக் கவலை. மகனைக் காய்ச்சலில் போட்டு, கணவரின் கையை முறித்து வேலை வாங்குகிற ஒருவருக்குப் பயந்து நீங்கள் ஓடப்பார்க்கிறீர்கள்.

வேதத்தில் இன்னொரு பயமும் இருக்கிறது. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். ஆண்குழந்தைகளைக் கொன்றுவிடும்படி எகிப்தின் ராஜா கட்டளையிட்டான். அவர்கள் "தேவனுக்குப் பயந்ததினால்" அதைச் செய்யவில்லை. அந்த ராஜாவின் பெயரைக்கூட அந்தப் புத்தகம் சொல்லவில்லை, பார்வோன் என்ற பட்டம்தான் இருக்கிறது. இந்த இரண்டு பெண்களின் பெயர் மட்டும் இருக்கிறது. தேவன் அவர்களுக்கு நன்மைசெய்தார் என்றும் எழுதியிருக்கிறது. அவர்கள் பிரசவம் பார்ப்பதை விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. தேவனுக்குப் பயந்ததால், தங்கள் வேலையையே உயிரைப் பணயம் வைத்து ஒழுங்காகச் செய்தார்கள்.

இதைச் சொல்லலாமா என்று தயங்கினேன், சொல்லிவிடுகிறேன். நான் தீர்க்கதரிசி அல்ல. ஆனால் மூன்று நாள் பிள்ளையாக உயிருக்குப் போராடிய உங்களைப் பார்த்து ஒரு தாய், இவளை உமக்கே கொடுக்கிறேன் என்றார். அந்தப் பிள்ளை வளர்ந்து, இன்றைக்கு மூன்று நாள் பிள்ளைகள் உயிருக்குப் போராடுகிற இடத்தில் நிற்கிறாள். அம்மாவின் பொருத்தனை நிறைவேறவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

டூட்டியில் ஆண்டவரைப் பற்றிப் பேசவோ ஜெபிக்கவோ முடியவில்லை, அதனால் அது ஊழியமாகாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பேசாமல் இருப்பதுதான் சரி. அங்கே வருகிற தாய்மார்கள் பல மதத்தவர். பிள்ளையின் உயிர் உங்கள் கையில் இருக்கும்போது அவர்களால் உங்களுக்கு 'வேண்டாம்' என்று சொல்லமுடியாது. அந்த நிலையில் நம் விசுவாசத்தை அவர்கள்மேல் வைப்பது அன்பு அல்ல. மனதுக்குள் ஜெபிக்க உங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. கங்காரு முறையில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருக்கிற ஒரு தாய்க்கு, பயப்படாமல் தாலாட்டுப் பாடுங்கள் என்று சொல்லிக்கொடுத்து, கூடவே மெல்லப் பாடுவதற்கும் உங்கள் குரல் உதவும்.

வேலூரில் மருத்துவமனை தொடங்கிய ஐடா ஸ்கடரை நீங்கள் அறிவீர்கள். அவருக்கு மிஷனரியாக வரவே விருப்பமில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தது. பெண் டாக்டர்தான் வேண்டும் என்றார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டரான அவர் தகப்பனாரை அனுமதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரிதான் அவருக்கு அழைப்பு. மேடை எதுவும் இல்லை, வாசலில் வந்து நின்ற தேவைதான். அதன்பிறகும் உடனே கிளம்பிவிடவில்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல்தான் திரும்பி வந்தார். ஒன்பது வருடம் கழித்து நர்ஸிங் பள்ளி தொடங்கினார். நோயாளியின் அருகே ராத்திரி முழுக்க நிற்பவர்கள் இல்லாமல் டாக்டர் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உடம்பும் மனதும்

இது அவசரம். நைட் டூட்டியில் ஒரு கிலோ குழந்தைக்கு மருந்தளவு கணக்கிடுகிறவர் நீங்கள். புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். தூக்கமில்லாமல் உபவாசமும் இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்யாதீர்கள். டூட்டி நாளில் சாப்பிடுங்கள், அதுவே அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற உண்மை. ராத்திரி ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருவது, ஒரே பாவத்தைப் பலமுறை அறிக்கையிட்டும் மன்னிப்புக் கிடைத்ததாகத் தோன்றாதது, நெஞ்சு படபடப்பு, இவையெல்லாம் நான்கு மாதமாகத் தொடர்கின்றன என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். விசுவாசக் குறைவால் வருகிற கோளாறு அல்ல இது. வெளியே போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நோயாளிகளுக்கு இதே அறிவுரையைத்தானே நீங்களும் சொல்வீர்கள்?

ஒருநாள் வேலையை விடுவதானால்

முழுநேர ஊழியம் தவறு என்று நான் சொல்லவரவில்லை. நிஜமாகவே அழைக்கப்பட்டு, எல்லாவற்றையும் விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும். மனது தெளிந்து, தூக்கம் திரும்பி, கணவரும் நீங்களும் ஒருமனமான பிறகும் அந்த வாஞ்சை இருந்தால், அப்போது கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதுபோல் நீங்களும் பாருங்கள்.

ராஜினாமாவும் விருப்ப ஓய்வும் ஒன்றல்ல. தமிழ்நாடு அரசுப் பணியில் விருப்ப ஓய்வு கேட்க 20 வருடத் தகுதிப் பணிக்காலமோ 50 வயதோ ஆகியிருக்கவேண்டும், மூன்று மாத முன்னறிவிப்பும் வேண்டும். உங்களுக்கு இப்போது இரண்டும் இல்லை. ராஜினாமா செய்தால் இதுவரை செய்த பணிக்காலத்தின் பலன்களை இழக்க நேரிடும். அது ஏற்கப்பட்டுவிட்டால் பிறகு மனம் மாறித் திரும்புவதும் எளிதல்ல. பணிப்பதிவேட்டோடு உங்கள் அலுவலகத்தில் போய், எது கிடைக்கும், எது போகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்களை அழைக்கிற ஊழியத்திடமும் கேளுங்கள்: பதிவு செய்த அறக்கட்டளையா, வருடா வருடம் தணிக்கை உண்டா, உங்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்? எழுத்தில் கேளுங்கள். கேட்பதே அவிசுவாசம் என்று கோபப்பட்டால் அதுவே உங்களுக்குப் பதில். 'விதை' பற்றி நான் ஒளித்துப் பேசப்போவதில்லை. ஊழியத்துக்கு அழைத்துக்கொண்டே, வருகிறவரின் சேமிப்பிலும் பங்கு கேட்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துச் சம்பாதித்தார். தன் தேவைக்கு மட்டுமல்ல, கூட இருந்தவர்களுக்கும் தன் கைகளே வேலைசெய்தன என்று எபேசு மூப்பர்களிடம் சொன்னார். வேலை செய்துகொண்டே பாடினால் ஆண்டவர் குறைவாகக் கேட்பார் என்று எங்கேயும் எழுதியில்லை.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைத் 'தடை' என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுப்போட்ட கையோடு போர்டில் எழுதிவிட்டு வந்து, பிள்ளைகள் ஃபீஸுக்கு என்ன செய்வோம் என்று கேட்கிற மனிதர் அவர். அந்தக் கேள்வியில் எனக்குப் பொறுப்புதான் தெரிகிறது. அவரோடு பேசும்போது "ஆண்டவர் சொல்லிவிட்டார்" என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கு மேல் அவரால் எதுவும் பேசமுடியாது. "எனக்கு ராத்திரி பயமாக இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். இந்த நான்கு மாதத்தில் அவரிடம் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

இப்போதைக்கு ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். மூன்று மாதம், ஒவ்வொரு டூட்டி முடிந்ததும் ஒரே வரி எழுதுங்கள். அன்று உங்கள் கை யாருக்குப் பயன்பட்டது என்று. பெயர் வேண்டாம், தேதியும் எடையும் போதும். வார்டில் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளில் ஒருத்தியை உங்களோடு நிறுத்தி, வெயின் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், அவள் முதல்முறை தானாகப் போட்ட நாளையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்கும்போதெல்லாம் பாடகர் குழுவில் பாடுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, கணவரோடு சேர்ந்துபோய் உங்கள் ஆயரைப் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், எட்டாம் பக்கம்வரை போனாலும் பரவாயில்லை.